வாசித்தாள் என்று சொன்னேன்

சனிக்கிழமை காலைகளில் பள்ளிக்கூடத்துக்குப் போய் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவருகிறோமே, அந்த நம் கூட்டத்தாருக்காக இதை எழுதுகிறேன். நாம் எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும் ஒரே டாக்டர் வீட்டு வாசலில் சந்தித்துக்கொள்கிறவர்கள். போன வாரம் நம்மில் ஒருவர் நோட்டில் குறிப்பு எழுதிவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் வாசிக்கு. ஒரு தடங்கலும் இல்ல. நாம எதுக்கு இங்க வந்து பெஞ்சைத் தேய்க்கோம்?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூட வராந்தாவில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய கதையா அது?

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பழைய துறைமுகத்துக்குப் பின்னால், கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கு ஒரு பக்கம் மருந்துக்குப் போகும் நிலாவாரை இலை அடைத்த குடோன்கள், மறுபக்கம் கடல். மழைக்காலம் முடிந்ததும் கடலிலிருந்து கொண்டல் காற்று வீசத் தொடங்கும். காய்ந்த இலை வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெஞ்சில் கையை வைத்தால் உப்புப் பிசுபிசுக்கும். நோட்டுத் தாள்கூட ஈரம் குடித்துத் துணி மாதிரி மடங்கும்.

என் அப்பா சாத்தான்குளத்திலிருந்து வந்து இங்கே பலசரக்குக் கடை போட்டவர். பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பர் எல்லாவற்றையும் வாசித்து வாசித்து எனக்கு வாசிப்பு நன்றாக வந்துவிட்டது. கடைக்கு யாராவது தெரிந்தவர் வந்தால் அப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும், "ரேடியோ மாதிரி இருக்கா இல்லையா?" என்று கேட்பார். வாய் தடங்காமல் சத்தம் வந்தால் அதுதான் வாசிப்பு என்று அப்பா நினைத்தார். எங்கள் தலைமை ஆசிரியையான பெரிய சிஸ்டரும் அப்படித்தான் நினைத்தார். நானும் அதையேதான் நம்பினேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் திரேஸ்புரத்துப் பெண். அவளுக்குப் பதினைந்து வயது. எட்டாம் வகுப்பில் அது மூன்றாவது வருடம். எங்களைவிட ஒரு தலை உயரம். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். அம்மா மீன் விற்கிறவள். ஒரு தங்கச்சி இருந்தாள், ஆறாம் வகுப்பு. மதியம் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது எனக்குத் தெரிய ஆறேழு மாதம் ஆயிற்று. அவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தாள். வாசிக்கும் முறை தன் பக்கம் நெருங்கினால் சாக்பீஸ் எடுத்துவர எழுந்து ஓடுவாள். டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். பலகையில் எழுதியிருப்பதை என் நோட்டைப் பார்த்து வரைந்துகொள்வாள். வரைவது என்றுதான் சொல்ல வேண்டும். கோலம் போடுவது போல எழுத்துகளை வளைத்து வளைத்துப் போடுவாள். ஒரு நாள் மாலை பெரிய சிஸ்டர் வாசல் பலகையில் "நாளை விடுமுறை" என்று எழுதிப் போட்டார். மறுநாள் அக்கா மட்டும் பள்ளிக்கு வந்து பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அதற்கு மறுநாள் நான் கேட்டபோது, "சும்மா காத்து வாங்க வந்தேன்ளா" என்றாள். அவள் கண்ணைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

தை மாதம் பயிற்சிக்கு ஒரு டீச்சர் வந்தார். ஆத்தூர்க்காரர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். வந்த முதல் வாரமே எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எங்கள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாங்கள் பார்த்தே இராத ஒரு புத்தகத்தை விரித்து வாசிக்கச் சொன்னார். ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள். அக்காவும் அதில் ஒருத்தி.

ஆத்தூர் டீச்சர் யாரையும் திட்டவில்லை. மதியம் சாப்பிட்டதும் அந்த ஏழு பேரையும் பூவரச மரத்தடியில் உட்கார வைத்தார். "வீட்டுல தெனமும் காதுல விழுத சொல்லு மூணு கொண்டு வாங்க" என்றார். சாளை, தூண்டில், உப்பளம், வெஞ்சனம் என்று கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் அப்பா குடித்துவிட்டு வந்து சொல்லும் கெட்ட வார்த்தையைக் கொண்டுவந்தாள். டீச்சர் முகம் மாறாமல் அதையும் எழுதினார். தேதிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் பெரிது பெரிதாக எழுதி, கத்தரிக்கோலால் எழுத்து எழுத்தாக வெட்டிக் கலைத்துப் போடுவார். அதைத் திரும்பக் கூட்டிச் சொல்லாக்க வேண்டும். காலண்டர் தாள் எங்கள் கடையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானும் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு மாதத்தில் அக்கா நாற்பது சொற்கள் வரை தானாக வாசித்தாள். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, மேலுதட்டில் வியர்வை பூக்க, ஒவ்வொன்றாக. அவள் ஒரு சொல்லை முடிப்பதற்குள் நான் ஒரு பக்கத்தை முடித்துவிடுவேன். எனக்குப் பார்க்கவே பொறுமை இல்லை. இதற்கு எப்போது விடியப்போகிறது என்று நினைத்தேன்.

மாசியில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தகவல் வந்தது. நம் காலத்தில் அதென்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கக்கூஸ் கழுவினார்கள். பெரிய சிஸ்டர் வகுப்புக்கு வந்து, "இந்த ஏழு பேரால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது" என்று சொல்லி, நன்றாக வாசிக்கிற ஏழு பேரிடம் ஆளுக்கு ஒருத்தியை ஒப்படைத்தார். அக்கா எனக்கு வந்தாள். இரண்டு வாரம் இருந்தது. நன்றாகத் தயார் செய்தவளுக்கும் தயாரானவளுக்கும் ஆண்டு விழாவில் பரிசு உண்டு என்றார்.

அக்காவின் ஞாபக சக்தி எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் வைத்த பிரசங்கத்தைத் திங்கட்கிழமை அப்படியே, அவர் இருமும் இடத்தில் இருமி, எங்களுக்குச் சொல்லிக் காட்டுவாள். எழுத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? எங்கள் ஊர் முத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது; அதிகாரிகளுக்கு அதைத்தான் வாசித்துக் காட்டுவது வழக்கம். நான் அதை மூன்று முறை வாசித்தேன். நான்காம் முறை அவள் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

"இது பொய்ளா" என்றாள் முடித்துவிட்டு. "கால்ல கல்லக் கெட்டிக்கிட்டு முத்து எடுக்காவன்னு போட்டிருக்கான். முத்து எடுத்து எத்தன வருசமாச்சு. எங்கப்பா சங்குதான் எடுக்காவ. மேல ஏறி வந்தா மூக்குல ரெத்தம் வரும். அத ஏன் போடல?"

"அதெல்லாம் நமக்கெதுக்குக்கா? இருக்கத அப்படியே சொல்லு, போதும்."

எந்தச் சொல் வந்ததும் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். விரலை எவ்வளவு வேகமாக நகர்த்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். "ரெண்டு எடத்துல தடுக்கணும்க்கா. அப்பத்தான் நம்புவாவ" என்று தடுக்கும் இடங்களைக்கூட நானே குறித்துக் கொடுத்தேன். அந்த இரண்டு வாரமும் அவள் பூவரச மரத்தடிக்குப் போகவில்லை. என்னோடு சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து பாடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். டீச்சர் மரத்தடியிலிருந்து எங்களைப் பார்ப்பார். கூப்பிட மாட்டார்.

அதிகாரி வந்த அன்று வகுப்பில் புழுக்கமாக இருக்கிறதென்று வராந்தாவில் மேசை போட்டார்கள். ஏழு பேரில் ஆறு பேரை விட்டுவிட்டு, பெரிய சிஸ்டர் முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டார். அக்கா புத்தகத்தைத் தட்டு ஏந்துவது போல இடது கையில் ஏந்தி வாசிக்க ஆரம்பித்தாள். குரல் கணீரென்று வந்தது. முதல் தடுக்கல் சரியாக விழுந்தது. அதிகாரி தலையாட்டினார். அப்போது ஒரு கொண்டல் வந்தது. புத்தகத்தின் தாள்கள் நாலைந்து சடசடவென்று புரண்டு, பல் தேய்க்கும் பையன் படம் போட்ட சுகாதாரப் பாடத்தில் போய் நின்றன.

அக்கா நிறுத்தவில்லை. பல் தேய்க்கும் பையனுக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, ஆழ்கடலில் இறங்குவதையும் சிப்பி அள்ளுவதையும் கணீரென்று வாசித்தாள். நான் குறித்துக் கொடுத்த இரண்டாவது இடத்தில் தடுக்கினாள். குறித்துக் கொடுத்த சொல் வந்ததும் பக்கத்தைப் புரட்டினாள்.

அதிகாரி கலர் குடித்துக்கொண்டிருந்தார். "பேஷ், பேஷ்" என்றார். மற்ற ஆறு பேரையும் கேட்காமலே கையெழுத்துப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அங்கே ஆத்தூர் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவர் புத்தகத்தைப் பார்த்திருந்தார்.

சாயங்காலம் பெரிய சிஸ்டரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சர் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"அந்தப் பிள்ள வாசிக்கல சிஸ்டர். மனப்பாடமாச் சொன்னா" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "புத்தகம் வேற பக்கத்துல கெடந்துச்சு. நான் பாத்தேன். மத்தியான வகுப்ப நிறுத்திராதீங்க. இன்னும் ரெண்டு மாசம் போதும். அவளுக்கு எழுத்து கூடிவர ஆரம்பிச்சிருக்கு."

பெரிய சிஸ்டர் கோபப்படவில்லை. அவரை நான் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளுக்குத் தன் கையால் கஞ்சி கொடுத்தவர். ஆனால் அன்று அவர் முகத்தில் ஒரு பரிதாபம் இருந்தது, அந்த டீச்சரைப் பார்த்து. "ஒரு மாசமா உங்களால முடியாததை ஒரு குழந்தை ரெண்டு வாரத்தில் செஞ்சிட்டா. உங்களுக்கு வருத்தமா இருக்கும். புரியுது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இவ பொய் சொல்ல மாட்டா. நீ சொல்லும்மா. அவ வாசிச்சாளா, இல்லையா?"

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று அந்த முகம் கெஞ்சுவதாக அன்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து அதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிவிடு, நான் மரத்தடிக்கே போய்விடுகிறேன் என்று கேட்ட முகமாகக்கூட அது இருக்கலாம்.

"வாசிச்சா சிஸ்டர்" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு முறை பார்த்தார். "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மதிய வகுப்பு நின்றுவிட்டது. ஏழு பேரும் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று பதிவேட்டில் ஏறியாயிற்றே. பத்து நாளில் டீச்சரின் பயிற்சிக் காலமும் முடிந்தது. போகும் அன்று கேட்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, நூல் போட்டுக் கட்டிய ஒரு காலண்டர் தாள் கட்டைக் கொடுத்தார். "இது அவ சொல்லு எல்லாம். தானா வாசிப்பா. நீ பக்கத்துல இருந்தா போதும். அவசரப்படுத்திராத" என்றார். என் பொய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டும் இருப்பேன்.

அந்தக் கட்டை நான் அக்காவிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் பேச வேண்டியிருக்கும். கடையில் கல்லாவுக்குக் கீழே செருகி வைத்தேன். பங்குனியில் ஒரு நாள் ஒரு அம்மாள் சீரகப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனபோது பார்த்தேன். பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் "சாளை" என்று இருந்தது. அப்பா கட்டைப் பிரித்துப் பொட்டலத்துக்குப் போட்டுவிட்டார். அக்காவின் சொற்கள் எல்லாம் கடுகும் வெந்தயமும் சுமந்துகொண்டு ஊரில் பல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆண்டு விழாவில் இருவருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். "வாசிப்பில் சிறந்தவர்" என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. அக்காவின் அம்மா கூடையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்று பார்த்தாள். பிறகு அந்தத் தட்டைத் திரேஸ்புரத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாளாம். அந்தத் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் படிப்புக்காகப் பரிசு வாங்கியதில்லை.

அக்காவை ஒன்பதாம் வகுப்புக்குத் தூக்கிப் போட்டார்கள். ஆனி மாதம், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தெருப் புழுதியை எல்லாம் அள்ளி எறியும் நாட்களில், அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். ஒன்பதாம் வகுப்பில் வெறும் ஞாபகத்தை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அடுத்த மாதமே திரேஸ்புரத்துக்கு ஒரு ஏஜென்ட் வந்தான். வடக்கே, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகும் தூரத்தில், ஒரு இறால் கம்பெனிக்குப் பெண்பிள்ளைகள் வேண்டும் என்றான். ஆறு மாதம்தான், கிறிஸ்துமஸ் திருவிழாவுக்கு அனுப்பிவிடுவோம், உடம்புக்கு முடியாமல் போனால் கம்பெனியே ஆஸ்பத்திரியில் பார்க்கும் என்றான். அப்படிச் சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினான்.

தெருவில் யாருக்கும் அவ்வளவு வாசிப்பு இல்லை. "எதுக்கு அடுத்தவன்ட்ட போவணும்? எம்மவ வாசிப்பா" என்று அக்காவின் அம்மா தாளை வாங்கி மகளிடம் கொடுத்தாள். அக்கா எழுந்து நின்று கணீரென்று வாசித்தாள். ஆறு மாதம். திருவிழாவுக்கு விடுமுறை. ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. கேட்டவர்கள் எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். அக்காவும் அவள் தங்கச்சியும் இன்னும் மூன்று பெண்களும் அந்த வாரமே பஸ் ஏறினார்கள். இதை எல்லாம் நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசியில், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்காவின் அம்மா எங்கள் கடைக்கு வந்தாள். தலையில் கூடை இல்லை. நனைந்து போயிருந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தாளை எடுத்தாள்.

"அண்ணாச்சி, சின்னவ செத்துப் போயிட்டா" என்றாள் அப்பாவிடம். "காய்ச்சலாம். அங்கனயே பொதச்சிட்டாவளாம். ஏஜென்ட் வந்து இன்னிக்குத்தான் சொல்லுதான். பெரியவளயாவது அனுப்புய்யான்னா, பேப்பர்ல எல்லாம் போட்டிருக்கு, வாசிச்சுத்தான கையெழுத்துப் போட்டீங்கங்கான். என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. "ஏளா, இங்க வா. வாசி" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் வாசித்தேன். பணிக்காலம் இரண்டு ஆண்டுகள். இடையில் எக்காரணம் கொண்டும் பணியாளரைச் சொந்த ஊருக்கு அனுப்ப இயலாது. நோய், விபத்து, மரணம் எதற்கும் நிறுவனம் பொறுப்பாகாது. மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்து, முழுச் சம்மதத்துடன் கையொப்பமிடுகிறோம். என் குரல் எங்கும் தடங்கவில்லை. பழக்கம் அப்படி.

அக்காவின் அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "நீ சரியா வாசிக்கலளா" என்றாள். "எம்மவ வாசிச்சா, நான் காதால கேட்டேன். ஆறு மாசம்னு வாசிச்சா. தெருவே கேட்டுச்சு. நல்லாப் பாத்து வாசி."

"இதுல அப்படித்தான் இருக்கு."

"அப்ப அவ வாசிச்சது?"

இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். "நாந்தான் மனப்பாடம் பண்ணச் சொல்லிக் குடுத்தேன். சிஸ்டர்ட்ட பொய் சொன்னேன்."

அவள் நம்பவில்லை. "தட்டு குடுத்திருக்காவளே" என்றாள். "பேரு வெட்டிக் குடுத்திருக்காவளே. அதுவும் பொய்யா? புள்ளயப் பறிகுடுத்துட்டு வந்து நிக்கேன், எம்மவ மேல பழி போடுதியே ஏளா." அப்பா என் தலையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "அறிவிருக்கா ஒனக்கு? வாய மூடு" என்றார். அவளிடம், "சின்னப் பிள்ள, தெரியாமப் பேசுது, மனசுல வச்சுக்கிடாத தாயி" என்று சொன்னார். முதல் தடவை நான் பொய் சொன்னபோது தட்டு கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னபோது இது கிடைத்தது. எனக்கு அது அன்று அநியாயமாகப் பட்டது. இன்று அந்த அடி குறைவு என்றுதான் தோன்றுகிறது.

அப்பா தனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கையெழுத்து இருக்கிறதே, என்ன செய்வது என்று அவர் கையை விரித்தார். கோயில் சாமியார் கடிதம் எழுதிப் பார்த்தார். அக்கா இரண்டு வருடமும் அங்கேயே இருந்துவிட்டுத்தான் வந்தாள்.

அவள் வந்துவிட்டாள் என்று தெரிந்தும் போய்ப் பார்க்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பிறகு கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போய்வந்தேன். சீக்கிரமே அவளுக்குக் கல்யாணமாகி வேறு கடற்கரைக்குப் போய்விட்டாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

வீட்டு நிழலில் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள். ஐஸ் தண்ணீரில் கிடந்து கிடந்து விரல் நுனிகள் வெளுத்து, நகங்கள் பாதி அரித்துப் போயிருந்தன. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டாள். நான் என்னென்னவோ சொல்லத் தயாராகப் போயிருந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"அன்னிக்கு அந்தப் பேப்பரக் கையில வாங்குனேன்லா, மொதல்ல 'ஆறு'ன்னு எங்க இருக்குன்னு தேடுனேன். அது எனக்குத் தெரியும். ஆத்தூர் டீச்சர் எழுதிக் காட்டுன சொல்லு. மேலருந்து கீழ வரைக்கும் பாத்தேன். இல்ல." அவள் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "ஆறு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சிச்சுளா. ஆனா எல்லாரும் என் வாயவே பாத்துக்கிட்டு நிக்காவ. தட்டு வாங்குனவ. வாசிக்கத் தெரியலன்னு எப்படிச் சொல்ல? அவன் சொன்னத அப்படியே சொல்லிட்டேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் என்னை அழவிட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு சின்னச் சீட்டை எடுத்துவந்தாள். தங்கச்சியை அடக்கம் செய்த கோயிலில் அந்த ஊர்ச் சாமியார் எழுதிக் கொடுத்த சீட்டு. மடித்து மடித்து நான்காகக் கிழியப் பார்த்தது. வாங்கிப் பிரித்து வாசிக்க வாயெடுத்தேன்.

"நீ சொல்லாத" என்றாள். "அவ பேரு எங்கன இருக்குன்னு மட்டும் விரல வச்சுக் காட்டு."

மூன்றாவது வரியில் இருந்தது. நான்கு எழுத்துப் பெயர். விரலை வைத்துக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன். அவள் தன் விரலை வைத்தாள். முதல் எழுத்து உடனே வந்தது. இரண்டாவதற்கு நேரம் எடுத்தது. பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள். மூன்றாவது தெரியவில்லை. அந்த எழுத்து வருகிற வேறொரு சொல்லை மணலில் எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மறுபடி மணலைப் பார்த்தாள். மேலுதட்டில் வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு அலுத்துப் போய்விட்டன. கரையில் இரண்டு வள்ளங்களை ஏற்றி முடித்துவிட்டார்கள். நான் ஒரு சொல் பேசவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை.

நான்காவது எழுத்தும் வந்தது. பிறகு நான்கையும் சேர்த்து, வாய்விட்டு, முழுப் பெயராகச் சொன்னாள்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "யாரளா கூப்பிட்டது? யாரு அவளக் கூப்பிட்டது?" என்றாள்.

"கூப்பிடலம்மா" என்றாள் அக்கா. "வாசிச்சேன்."